சுவருக்கு வெளியே ஓடிய குழாய்கள்

சில்வியா பிளாத்தின் கவிதைகளை வாசித்தவர்கள் தமிழில் கணிசமாகவே உண்டு. அவர் தண்ணீர்க் குழாய்களைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ‘ஸ்னோ பிளிட்ஸ்’ என்னும் அக்கட்டுரை 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில் எழுதப்பட்டது. அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1977இல் வெளியான உரைநடைத் தொகுப்பில் இடம்பெற்றது. 1962 டிசம்பரில் தம் இரு குழந்தைகளோடு ஃபிட்ஸ்ராய் சாலை 23ஆம் எண் வீட்டின் மேல்தளங்களுக்கு அவர் குடிபுகுந்தார். கவி யேட்ஸ் சிறுவயதில் வாழ்ந்த வீடு அது என்று சுவரில் பதித்த பலகை சொல்லும். அவர் குடியேறிய சில நாட்களில், டிசம்பர் 26 வாக்கில், பனி பொழியத் தொடங்கியது. மார்ச் வரை அது லண்டனை விடவில்லை.

குளியல் தொட்டியில் யாரும் திறந்துவிடாமலே வந்து நிறையும் அழுக்கு நீர், வீட்டுக்காரரின் முகவர்களோடு நடக்கும் வாதம், மின்வெட்டு, மெழுகுவத்திக்கு அலைச்சல் – இவைதாம் கட்டுரையின் பொருள். தொனி அழுகை அல்ல; கசந்த நகைச்சுவை. பிப்ரவரி 11ஆம் நாள் நேர்ந்ததை நாம் அறிவோம் என்பதால், வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பலரும் உறைந்த குழாய்களை ஒரு துயர நாடகத்தின் பின்திரையாகவே தொங்கவிட்டிருக்கிறார்கள். நமக்கு அந்த வாசிப்பில் உடன்பாடில்லை. அக்கட்டுரைக்குள் ஒரு நேர்மையான கேள்வி இருக்கிறது. குளிர் ஆண்டுதோறும் வரும் ஒரு நாட்டில், குளிரை எதிர்பாராதவர்கள்போல் ஏன் வீடு கட்டியிருக்கிறார்கள்?

கேட்டவர் மாசசூசெட்ஸில் வளர்ந்தவர் என்பதை மறக்கலாகாது. 1963 ஜனவரியில் நடு இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலை மைனஸ் 2.1 பாகை செல்சியஸ். அந்தக் குளிர்காலம் 1740க்குப் பின் இங்கிலாந்து கண்டவற்றுள் மிகக் கடுமையானது என்பது வானிலையாளர் கணக்கு. ஆனால் பாஸ்டன் நகருக்கு அது ஏறத்தாழ வழக்கமான ஜனவரிதான். அங்கே குழாய்கள் ஆண்டுதோறும் ஊரோடு சேர்ந்து உறைந்துபோவதில்லை. ஆகவே வானத்தை மட்டும் குற்றஞ்சொல்லிப் பயனில்லை, சுவரைத்தான் பார்க்கவேண்டும்.

லண்டனின் பழைய வீதிகளில் வீடுகளின் பின்புறத்தைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். செங்கல் சுவரின் மேல் கருப்பு வண்ணம் பூசிய இரும்புக் குழாய்கள், வேர்கள் வெளியே தெரியும் ஆலமரம் போல, கிளைவிட்டு இறங்கும். இவை பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய்கள். அவற்றை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பது விக்டோரியா காலத்துச் சுகாதார அறிவு. சாக்கடையிலிருந்து எழும் வாயுவே நோயின் மூலம் என்று அன்று மருத்துவர்களும் பொறியாளர்களும் நம்பினர். 1871இல் பட்டத்து இளவரசர் எட்வர்ட், ஸ்கார்பரோவில் ஒரு மாளிகையில் தங்கித் திரும்பியபின் டைஃபாய்டில் வீழ்ந்து சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். அவரோடு தங்கியிருந்த செஸ்டர்ஃபீல்டு பிரபு மீளவில்லை. பழி அம்மாளிகையின் சாக்கடை மேல் விழுந்தது. 1878இல் லீட்ஸ் நகர அறுவை மருத்துவர் டீல், வீட்டுக் குழாய்களின் வழியே நச்சுக்காற்று எவ்வாறு படுக்கையறைக்குள் நுழைகிறது என்பதைப் படங்களாகவே வரைந்து ஒரு நூல் வெளியிட்டார். அச்சம் மாளிகையிலிருந்து நடுத்தர வீடுகளுக்கு இறங்கிற்று. கழிவுக் குழாய் சுவருக்கு வெளியேதான் செல்லவேண்டும் என்பது ஊராட்சி விதிகளில் ஏறியது. குளியலறை நீர் நேராகச் சாக்கடையைத் தொடக்கூடாது என்பதற்காக, வெளிச்சுவரில் பொருத்திய வாய் திறந்த புனல் ஒன்றில் விழுந்து, பிறகே கீழிறங்கும்.

டைஃபாய்டு காற்றில் அல்ல, நீரிலும் உணவிலும் வாழும் கிருமியால் வருகிறது என்று சில ஆண்டுகளிலேயே தெளிவாகிவிட்டது. கொள்கை இறந்தது; குழாய் வெளியிலேயே நின்றது. கடுங்குளிரில் அந்தத் திறந்த புனலில் சொட்டிய நீர் படிப்படியாக உறைந்து வாயை அடைக்கும்; மேலிருந்து வரும் நீர் போக்கிடமின்றித் தொட்டிக்கே திரும்பும். பிளாத்தின் குளியல் தொட்டியில் அழுக்கு நீர் ஏறியதற்குப் பின்னே, ஏறக்குறைய நூறாண்டுப் பழைய மருத்துவக் கொள்கை ஒன்று இருந்தது எனலாம்.

நல்ல நீரின் கதை வேறு. அதில் அச்சத்தைவிடப் பணம் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனுக்கு நீர் வழங்கியவை எட்டுத் தனியார் கம்பெனிகள். நெடுங்காலம் அவை நாளுக்குச் சில மணி நேரம் மட்டுமே நீர் விட்டன. நம் ஊர் வாசகர்களுக்கு விளக்கம் தேவையிராது: தண்ணீர் வரும்போது பிடித்துவைக்க வீட்டுக்கு ஒரு தொட்டி வேண்டும். வசதியான வீடுகளில் அது கூரைக்கடியில் பரணில் ஏறியது. ஏழைகளுக்கு முற்றத்தில் ஒரு பீப்பாய். இரண்டுமே குளிர் முதலில் நுழையும் இடங்கள். பின்னாளில் நாள் முழுதும் நீர் வரத் தொடங்கியபோதும் பரண் தொட்டி இறங்கவில்லை. அதற்கு நீரேற்றும் குழாய் வெளிச்சுவரை ஒட்டியே ஏறிற்று.

1895 பிப்ரவரியில் இவை அனைத்துக்கும் சோதனை வந்தது. அம்மாதம் 11ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பிரெமார் என்னும் ஊரில் மைனஸ் 27.2 பாகை பதிவாயிற்று. அதைவிடத் தாழ்ந்த அளவு பிரித்தானியத் தீவில் இன்றுவரை பதிவாகவில்லை. 1982லும் 1995லும் அதே எண் மீண்டும் வந்ததுண்டு. லண்டனில் தேம்ஸ் ஆற்றில் பனிப்பாளங்கள் மிதந்தன. வீட்டுக்குள் குழாய் உறைவது அந்நகருக்குப் புதிதல்ல. இம்முறை குளிர் மண்ணுக்குள் இறங்கிற்று. தெருவுக்கடியில் ஆழமின்றிப் பதித்திருந்த குழாய்களே உறைந்தன. கம்பெனிகள் வீதிகளில் தற்காலிகத் தெருக்குழாய்களை நட்டன. உலகப் பேரரசின் தலைநகரில் மக்கள் வாளியும் குடமுமாகக் குழாயடியில் வரிசையில் நின்றார்கள்.

இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்கவேண்டியிருக்கிறது. 1847ஆம் ஆண்டின் நீர்வழங்கல் சட்டம், நீர் தரத் தவறும் கம்பெனிக்கு அபராதம் விதித்தது. கூடவே ஒரு விலக்கும் அளித்தது. உறைபனி, வழக்கத்துக்கு மாறான வறட்சி, தவிர்க்கவியலாத விபத்து ஆகியவற்றால் நீர் நின்றால் கம்பெனி பொறுப்பல்ல. இந்த வரிசையில் உறைபனிக்குத்தான் முதலிடம். குழாயை எவ்வளவு ஆழத்தில் புதைப்பது என்பது பள்ளம் தோண்டும் கூலியைப் பொறுத்தது. அந்தக் கூலியை மிச்சப்படுத்தியவர்கள் முதலீட்டாளர்கள். குளிர் வந்தால் அது கடவுளின் செயல். நீர்வரியோ வீட்டின் வாடகை மதிப்பை வைத்துக் கணக்கிடப்பட்டது. எவ்வளவு நீர் வந்தது என்பதை வைத்தல்ல. சொட்டு நீர் வராத வாரங்களுக்கும் வரி உண்டு. இது போதாதென்று, உறையாமலிருக்க இரவில் திருகைத் திறந்துவிட்டால் அது நீரை வீணாக்கும் குற்றம். விதியை எழுதியவர்கள் எந்தப் பக்கத்தில் நின்று எழுதினார்கள் என்று ஆராயத் தேவையில்லை.

அடுத்து வந்த கோடைகளில் கிழக்கு லண்டனில் வறட்சி வேறு சேர்ந்துகொண்டது. தனியார் கம்பெனிகள் மேலிருந்த வெறுப்பு அரசியலாயிற்று. 1902இல் சட்டம் இயற்றப்பட்டு, எட்டுக் கம்பெனிகளும் 1904இல் பொது வாரியத்தின் கீழ் வந்தன. ஓர் உறைபனி மட்டுமே இதைச் செய்தது என்று சொன்னால் மிகையாகும். குழாயடியில் நின்றவர்களின் கோபமும் அக்கணக்கில் சேரும் என்று சொல்லலாம். இன்று பிரிட்டனில் வீட்டுக்கு வரும் குழாய் குறைந்தது 750 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கவேண்டும் என்பது விதி.

தெருவில் உறைந்தது வசதிக்குறைவு. அடுக்களையில் உறைந்தது ஆபத்து. விக்டோரியா காலத்து வசதியான வீடுகளில் சமையல் அடுப்பின் பின்புறம் ஒரு சிறு கொதிகலன் பொருத்தியிருப்பார்கள். இரு குழாய்கள் அதை மேலிருக்கும் தொட்டியோடு இணைக்கும். அடுப்பு எரிந்தால் வெந்நீர் தானே மேலேறும், தண்ணீர் கீழிறங்கும். இரவில் அடுப்பு அணைந்து, இரு குழாய்களும் உறைந்துவிட்டால் அக்கொதிகலன் வாய் மூடிய பானை. விடியலில் அதன் கீழ் நெருப்பு மூட்டினால் என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. கடுங்குளிர் வந்த ஆண்டுகளிலெல்லாம் இத்தகைய வெடிப்புகளில் உயிர்கள் போயின. விடியலில் அடுப்பு மூட்டுவது யார் வேலை என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அவ்வீடுகளில் எல்லாருக்கும் முன்னே எழுபவள் வேலைக்காரப் பெண்தான். கொதிகலன் வெடிப்புகளை அரசு விசாரிக்கவேண்டும் என்று 1882இல் சட்டம் வந்தது. வீட்டு உபயோகத்துக்கு மட்டுமான கொதிகலன்களை அச்சட்டம் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்தது. ஆலையில் வெடித்தால் விசாரணை, அடுக்களையில் வெடித்தால் விதி! சில பவுன் கூடச் செலவாகாத ஒரு பாதுகாப்பு வால்வு போதும் என்பது பொறியாளர்கள் அறியாததல்ல.

குழாய் எப்படி வெடிக்கிறது என்பதைப் பற்றி இன்றும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். விரியும் பனிக்கட்டி குழாயை நெருக்கிப் பிளக்கிறது என்பார்கள். பாதி உண்மை. குழாயின் நீளவாக்கில் விரியப் பனிக்கட்டிக்கு இடமுண்டு. ஓரிடத்தில் முழு அடைப்பு விழுந்தபின், அந்த அடைப்புக்கும் மூடிய திருகுக்கும் நடுவே சிக்கிக்கொண்ட நீரே எமனாகிறது. அடைப்பு வளரவளர அந்நீர் நெருக்குண்டு, அழுத்தம் பன்மடங்காகி, குழாயின் நலிந்த இடத்தைக் கிழிக்கிறது. ஆகவே குழாய் பனிக்கட்டியே இல்லாத இடத்தில்கூடக் கிழியும். இலினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வாளர்கள் இதை 1990களில் சோதனை செய்து காட்டினர். அதற்கும் முன்பே, 1977இல், கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கில்பின் என்பவர் இன்னொரு விந்தையை விளக்கியிருந்தார். அசையாமல் நிற்கும் நீர் 0 பாகையில் உறைந்துவிடுவதில்லை. சில பாகைகள் கீழிறங்கியும் நீராகவே நிற்கும். பிறகு திடீரென்று பெரணி இலைபோல் பனிப்படிகங்கள் குழாய்க்குள் படர்கின்றன. பனிக்கட்டியின் அளவு கொஞ்சம்தான். ஆனால் வழி அடைபட்டுவிடுகிறது.

பழங்கால வீடுகளில் இருந்தவை காரீயக் குழாய்கள். பிளம்பர் என்ற சொல்லே அவ்வுலோகத்தின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. காரீயம் மென்மையானது, ஒருமுறை உறைந்தால் உடையாமல் சற்றே உப்பும். ஆனால் மீண்டும் சுருங்காது. அடுத்த குளிரில் இன்னும் கொஞ்சம். இப்படிச் சுவர் மெலிந்து மெலிந்து, ஏதோ ஓராண்டு ஒரு சாதாரண உறைபனிக்கு வாய்விடும். அப்போதும் உடனே தெரியாது. கிழிசலைப் பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருக்கும். வெயில் வந்து ஊரெல்லாம் மகிழ்ந்திருக்கும் நாளில்தான் கூரை ஒழுகும். கிளாஸ்கோவில் ஜோசஃப் பிளாக் 1760களில் கண்டறிந்த உள்ளுறை வெப்பம் இங்கே நினைவுகொள்ளத் தக்கது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்கும் வெப்பம், ஒரு கிராம் நீரை 0 பாகையிலிருந்து 80 பாகைவரை சூடேற்றப் போதும். அதனால்தான் உருக்குவதற்குப் பொறுமை வேண்டும். வெந்நீரில் நனைத்த துணியைத் திருகின் பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டே பின்னோக்கிச் செல்லவேண்டும். உருகும் நீருக்கு வழி திறந்திருக்கவேண்டும். பொறுமையற்றவர்கள் பரணில் ஊதுவிளக்கைப் பற்றவைத்து, குழாயோடு கூரையையும் சேர்த்துக் கொளுத்திய கதைகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உண்டு.

1947இன் குளிர்காலத்தை இங்கே கடந்து செல்கிறோம். போர் முடிந்து நிலக்கரியும் தட்டுப்பட்ட அந்த ஆண்டில் குழாய்கள் உறைந்தது பல துன்பங்களில் ஒன்று மட்டுமே. 1963 அப்படியல்ல. வளம் திரும்பிய நாட்டில் மீண்டும் தெருக்குழாயும் தண்ணீர் லாரியும்! மின்தொழிலாளர்கள் விதிப்படி மட்டுமே வேலை செய்யும் போராட்டத்தில் இறங்கியிருந்ததால் ஜனவரியில் மின்வெட்டு வேறு. அந்தக் குளிருக்குப் பின் 1965இல் வந்த கட்டட விதிகள், புதிய வீடுகளில் கழிவுக் குழாய் சுவருக்கு உள்ளேயே செல்லவேண்டும் என்றன. 1870களில் எதை வெளியேற்றினார்களோ அதை 1960களில் உள்ளே அழைத்துக்கொண்டார்கள். வீடு முழுதும் வெப்பமூட்டும் வழக்கமும் மெல்லப் பரவிற்று. அதிலும் ஒரு சிக்கல்: அறைகளின் வெப்பம் கூரை வழியே போகாதிருக்கப் பரண் தரையில் கம்பளிபோல் மூடாக்கு விரித்தபோது, அதற்குமேல் இருந்த தொட்டி முன்னைவிடக் குளிர்ந்தது. தொட்டிக்கு நேர் கீழே மட்டும் மூடாக்கு விரிக்காதீர்கள், கொஞ்சம் சூடு கசியட்டும் என்று சொல்லவேண்டியதாயிற்று.

பிறகு ஒரு தலைமுறை மிதமான குளிரில் மறந்தது. 2005இல் இங்கிலாந்தில் புதிய எரிவாயுக் கொதிகலன்கள் பெரும்பாலும் எரிபொருள் சிக்கனமுள்ள வகையாகவே இருக்கவேண்டும் என்று விதி வந்தது. அவ்வகைக் கொதிகலன், புகையிலுள்ள நீராவியையும் குளிர்வித்து அதன் வெப்பத்தைப் பறித்துக்கொள்ளும். மிஞ்சிய நீர் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியே சொட்டி வெளியேறும். அந்தக் குழாயைப் பல வீடுகளில் எங்கே விட்டார்கள்? சுவருக்கு வெளியே. 2010 டிசம்பர், நூறாண்டுகளுக்கும் மேலாக இங்கிலாந்து காணாத குளிர்ந்த டிசம்பர். விரலளவுக் குழாய் உறைந்ததும் கொதிகலன் தானே நின்றுவிடும். வெப்பம் மிகவும் வேண்டிய நாளில் வெப்பம் இல்லை. மக்கள் கெண்டியில் நீர் சுடவைத்துக்கொண்டு பனியில் இறங்கி, சுவரில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதே மாத இறுதியில் வட அயர்லாந்தில் பனி உருகத் தொடங்கியதும் வீடுகளிலும் பூட்டிக்கிடந்த கட்டடங்களிலும் குழாய்கள் கிழிந்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, பல்லாயிரம் வீடுகள் நாட்கணக்கில் நீரின்றி நின்றன. ஸ்காட்லாந்திலிருந்து புட்டியில் நீர் வந்தது. நீர் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஜனவரியில் பதவி விலகினார். பொறுப்பு யாருடையது என்னும் 1895இன் கேள்விக்கு இம்முறை ஒரு விடையாவது கிடைத்தது.

இரவில் திருகைத் திறந்துவிடலாமா என்னும் கேள்விக்கு மட்டும் ஒரே விடை இல்லை. சொட்டும் நீர் அடைப்புக்கும் திருகுக்கும் இடையே அழுத்தம் ஏறாமல் காக்கும் என்பதால் அறிவியல் அதை ஆதரிக்கிறது. கனடாவின் வின்னிபெக் நகரில் 2014இல் குளிர் மண்ணுக்குள் வெகு ஆழம் இறங்கி, மேலே வசந்தம் வந்தபின்னும் கீழே குழாய்கள் உறைந்துகொண்டிருந்தன. அங்கே நகராட்சியே வீடுகளுக்கு அறிவிப்பு அனுப்பியது: பென்சில் பருமனில் நீரை இரவும் பகலும் ஓடவிடுங்கள், கட்டணம் பழைய அளவுப்படியே கணக்கிடப்படும். லண்டன் கம்பெனிகளின் சட்டத்தில் குற்றமாயிருந்தது இங்கே குடிமகனின் கடமை.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. அங்கே வீடுகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. குழாய்கள் பரணிலும் வெளிச்சுவரிலும் ஓடுபவை. மாநிலத்தின் மின்கட்டமைப்பு அண்டை மாநிலங்களோடு பெரிதும் இணையாமல் தனித்து நிற்பது. மத்திய அரசின் கட்டுப்பாடு வேண்டாம் என்று தேர்ந்துகொண்ட தனிமை அது. பனிப்புயலில் மின்னுற்பத்தி சரிந்து, 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. வெப்பம் நின்ற வீடுகளில் குழாய்கள் உறைந்தன. வழக்கமான அறிவுரைப்படி எல்லாரும் திருகைத் திறந்துவிட்டார்கள். ஏற்கெனவே கிழிந்த குழாய்களில் ஓடிய நீரோடு இதுவும் சேர, நகரக் குழாய்களில் அழுத்தம் வீழ்ந்தது. ஹூஸ்டன் நகர நிர்வாகம், உறையாமலிருப்பதற்காக நீரை ஓடவிடாதீர்கள், மருத்துவமனைகளுக்கும் தீயணைப்புக்கும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிக்கப்பட்டனர். மின்சாரம் இல்லாத வீட்டில் எதைக்கொண்டு காய்ச்சுவது என்பதை அறிவிப்பு சொல்லவில்லை. அப்புயலால் இறந்தவர்கள் 246 பேர் என்று மாநில அரசு பின்னர் கணக்கிட்டது. அவர்களில் மிகுதியானோர் குளிரில் விறைத்து இறந்தவர்கள்.

பனி உருகியதும் கூரைகள் ஒழுகத் தொடங்கின. சரிசெய்ய ஆள் போதவில்லை. உரிம விதிகளைத் தளர்த்தி, பிற மாநிலப் பிளம்பர்களும் டெக்சாஸில் வேலை செய்யலாம் என்று ஆளுநர் உத்தரவிட்டார்.